வேலையில் மனசு நிற்கவில்லையா? டீ இடைவேளையில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

பதினோரு வருஷம் திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் கணக்கு எழுதினேன். நடுவில் தபால் வழியில் உளவியல் படித்தேன். இப்போது மாதத்தில் இரண்டு சனிக்கிழமை ஏதாவது ஒரு கம்பெனியில் ஆபீஸ் ஆட்களிடமும் செக்கிங், பேக்கிங் ஆட்களிடமும் கவனம், வேலையில் பிடிப்பு என்று ஒரு மணி நேரம் பேசுகிறேன். பேசும்போது யாரும் வாய் திறப்பதில்லை. முடிந்து டீயும் பஜ்ஜியும் வந்ததும்தான் ஒவ்வொருவராகப் பக்கத்தில் வருவார்கள், அதுவும் பெரும்பாலும் அதே கேள்விகளோடு. அவற்றை அவர்கள் கேட்டபடியே எழுதி, என் பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

மனசு ஒரு இடத்துல நிக்கவே மாட்டேங்குது. எனக்கு மட்டும்தான் இப்படியா?

இல்லை. கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்ற இரண்டு ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2,250 பேரின் செல்போனுக்கு நேரம் சொல்லாமல் கேள்வி அனுப்பிப் பார்த்தார்கள்: இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள், மனசு அதில் இருக்கிறதா, வேறெங்காவதா? 2010-இல் வெளியான முடிவு, 46.9 சதவீத நேரம் வேறெங்கோ. அதாவது கண் விழித்திருக்கும் பொழுதில் ஏறக்குறைய பாதி.

எனவே மனசு ஓடுவதை ஒரு நோய் மாதிரி பார்க்க வேண்டாம். ஓடியதைக் கவனித்து, திட்டாமல் திரும்பக் கூட்டி வருவதுதான் பழக வேண்டியது. திட்ட ஆரம்பித்தால் அந்தத் திட்டே இன்னொரு ஓட்டமாகிவிடும், "நான் ஏன் இப்படி இருக்கேன்" என்று பத்து நிமிஷம் போய்விடும்.

போனை சைலண்ட்ல போட்டுட்டேன். அது போதாதா?

போதவில்லை என்பதுதான் என் அனுபவம். 2017-இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு செய்தார்கள். சிலருடைய போன் மேஜை மேல், சிலருடையது பையிலோ பாக்கெட்டிலோ, சிலருடையது பக்கத்து அறையில். எல்லாப் போனும் சத்தமில்லாமல்தான் இருந்தது. நினைவாற்றல், யோசனைச் சோதனைகளில் பக்கத்து அறைக்காரர்கள் மேஜைக்காரர்களை விட நன்றாகச் செய்தார்கள். பின்னால் செய்து பார்த்த சிலருக்கு அதே அளவு வித்தியாசம் கிடைக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த ஆய்வு எப்படியோ போகட்டும். குளோரியா மார்க் என்ற ஆய்வாளர் பல வருஷம் ஆபீஸ்களில் போய் உட்கார்ந்து ஆட்களைப் பார்த்திருக்கிறார். வேலை தடைப்படும் தருணங்களில் கிட்டத்தட்ட பாதி வெளியிலிருந்து வருவதில்லை, நாமே நம்மைத் தடுத்துக்கொள்வது என்று எழுதியிருக்கிறார். மணியே அடிக்காத போனை எடுத்துப் பார்க்கிறோமே, அதுதான். ஒரு திரையில் சராசரியாக நிற்கும் நேரம் 2004-இல் இரண்டரை நிமிஷமாக இருந்தது, பிந்தைய அளவீடுகளில் 47 வினாடி. நான் கணக்கு எழுதிய நாளில் போனைப் பழைய வவுச்சர் அடுக்கியிருக்கும் பீரோவுக்குள் வைத்துவிடுவேன். எழுந்து போய்த் திறக்க வேண்டும், அந்த பீரோ வேறு கிரீச் என்று கத்தும். அந்தச் சத்தத்துக்கே பாதித் தடவை போக மாட்டேன்.

பாட்டு கேட்டுக்கிட்டே வேலை செய்யலாமா?

என்ன வேலை என்பதைப் பொறுத்தது. பிசிறு வெட்டுவது, மடிப்பது, அட்டைப்பெட்டி கட்டுவது என்றால் தாராளமாகக் கேளுங்கள், எஃப்.எம். இல்லாத பேக்கிங் செக்‌ஷனை நான் பார்த்ததே இல்லை. படிப்பது, எழுதுவது, எண்ணை மனசில் வைத்துக்கொண்டு கூட்டுவது என்றால் வார்த்தை உள்ள பாட்டு இடிக்கும். மொழி ஓடும் அதே பாதையில்தான் அந்தப் பாட்டும் வருகிறது. வெறும் வாத்தியம் என்றால் அந்த அளவுக்கு மோசமில்லை.

ஒரே நேரத்துல நாலு வேலை பார்க்கிறவன்தானுங்க கெட்டிக்காரன்?

நாலு வேலையையும் அவர் ஒன்றாகப் பார்ப்பதில்லை. ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். முதல் வேலையைப் பாதியில் விட்டு இரண்டாவதற்குப் போகும்போது கவனத்தில் ஒரு பகுதி முதல் வேலையிலேயே தங்கிவிடுகிறது, அந்த மிச்சம் இரண்டாவது வேலையைக் கெடுக்கிறது என்று காட்டினார். சாயப்பட்டறை ஆட்களுக்கு நான் இதை விளக்கவே தேவையில்லை. கறுப்பு ஓட்டின மெஷினைக் கழுவாமல் வெள்ளைத் துணியை யாராவது போடுவார்களா?

கழுவுவதற்கு ஒரு வழி இருக்கிறது. அதே லெராய், தெரசா குளோம்ப் என்பவருடன் சேர்ந்து 2018-இல் சோதித்தது: வேலையை விட்டுப் போகும் முன், எங்கே நிறுத்தினேன், திரும்பி வந்ததும் முதலில் என்ன செய்வேன் என்று சுருக்கமாகக் குறித்துவிட்டுப் போனால் மிச்சம் குறைகிறது. "பில் 214 வரைக்கும் சரி. 215-இல் வரி விகிதம் இடிக்குது, பார்ட்டிக்குப் போன் பண்ணணும்." இவ்வளவுதான், பத்து வினாடி வேலை.

சரி, முதலாளி கூப்பிட்டா "இருங்க, மிச்சத்தைக் கழுவிட்டு வரேன்"னா சொல்ல முடியும்?

முடியாது. மேலே சொன்ன ஒரு வரியை எழுதிவிட்டுக் கிளம்புங்கள்.

ஆனால் முதலாளிமார்களுக்கு ஒன்று சொல்வேன். 2008-இல் குளோரியா மார்க்கும் இன்னும் இருவரும் செய்த சோதனையில், இடையிடையே தடுக்கப்பட்டவர்கள் வேலையைக் கொஞ்சம் சீக்கிரமாகவே முடித்தார்கள். அதைப் பார்த்து "பார்த்தியா, ஒண்ணும் கெடலை" என்று தோன்றும். கூடவே மன அழுத்தம், எரிச்சல், அவசர உணர்வு மூன்றும் ஏறியிருந்தது. ஓடிப் பிடிக்கிறார்கள், அதன் விலை முதலாளியின் பேரேட்டில் வருவதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு ஆபீஸில் காலை பத்திலிருந்து பதினொன்று வரை மேஜையில் சிவப்பு நூல் கோன் நின்றால் ஷிப்மென்ட் தவிர எதற்கும் கூப்பிடக்கூடாது என்று பேசி வைத்திருக்கிறார்கள். ஜி.எஸ்.டி. தாக்கல் நெருங்கும் வாரத்தில் மட்டும் என்று ஆரம்பித்தது, இப்போது தினமும் நிற்கிறது.

25 நிமிஷம் வேலை, 5 நிமிஷம் ரெஸ்ட்னு ஒரு முறை சொல்றாங்களே?

1980-களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர் தக்காளி வடிவ சமையலறைக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்ததுதான் அது. ஆரம்பிக்கவே பிடிக்காத வேலைக்கு நல்ல தள்ளு. 25 என்ற எண்ணில் மந்திரம் எதுவும் இல்லை. வங்கிக் கணக்கை ஒத்துப் பார்க்கிறீர்கள், 340 ரூபாய் வித்தியாசம் பிடிபடப் போகிறது, அந்த நேரத்தில் மணி அடித்ததென்று எழுந்து போகாதீர்கள்.

எனக்கு மன உறுதியே கிடையாது. பிரச்சினையே அதுதான்.

இதை அதிகம் சொல்வது நன்றாக உழைக்கிற ஆட்கள்தான், அது ஏனோ. 1998-இல் பாமைஸ்டர் குழு ஒரு சோதனை செய்தது: பிஸ்கட் வாசனை மூக்கைத் துளைக்க, முள்ளங்கியை மட்டும் தின்னச் சொல்லப்பட்டவர்கள் அடுத்து வந்த புதிரைச் சீக்கிரம் கைவிட்டார்கள். அதிலிருந்துதான் மன உறுதி பேட்டரி மாதிரி தீர்ந்துபோகும் என்ற பேச்சு வந்தது. 2016-இல் 23 ஆய்வகங்கள் சேர்ந்து 2,000-க்கும் மேற்பட்டவர்களிடம் இந்தக் கருத்தைச் சோதித்தபோது விளைவு என்று சொல்லும்படி ஒன்றும் கிடைக்கவில்லை. ஆக, உங்களிடம் பேட்டரி சின்னதாக இருக்கிறது என்று நொந்துகொள்ள ஆதாரம் போதாது.

உறுதியைக் கூட்டுவதை விட முடிவை முன்கூட்டியே எடுத்து வைப்பது சுலபம். பீட்டர் கோல்விட்சர் இதை "இது நடந்தால், அதைச் செய்வேன்" என்ற வடிவில் ஆராய்ந்தார். 2006-இல் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில் இந்த முறை நன்றாகவே வேலை செய்தது. "இன்னைக்கு ஒழுங்கா வேலை பார்ப்பேன்" என்பது இந்த வடிவம் இல்லை. "காலை டீ டம்ளரைக் கீழே வைத்ததும் பேங்க் ஸ்டேட்மென்ட்டைத் திறப்பேன்" என்பதுதான். டம்ளர் ஞாபகப்படுத்தும், நீங்கள் யோசிக்க வேண்டியதில்லை.

21 நாள் செஞ்சா பழக்கம் ஆயிடுமாமே?

லண்டனில் 96 பேரைப் பின்தொடர்ந்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில் சராசரி 66 நாள் வந்தது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம். 22-ஆம் நாள் "எனக்கு வரலைங்க" என்று விட்டவர்கள் எத்தனை பேரோ. நடுவில் ஒரு நாள் தவறினால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடவில்லை என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது.

வீட்டுக்குப் போனாலும் ஆபீஸ் தலைக்குள்ள ஓடிட்டே இருக்கு. பையன் பேசறது காதுல விழ மாட்டேங்குது.

முடியாத வேலை மனசைப் பிடித்து இழுக்கும் என்பது பழைய சங்கதி. புளூமா ஸெய்கார்னிக் பெர்லினில் ஆய்வு செய்து 1927-இல் எழுதினார். முடியாததுதான் அதிகம் ஞாபகம் இருக்கும் என்ற அவர் வாதம் பிற்பாடு அவ்வளவாக நிற்கவில்லை, ஆனால் விட்ட வேலைக்குத் திரும்பச் சொல்லும் அந்த அரிப்பு உண்மை. 2011-இல் மசிகாம்போவும் பாமைஸ்டரும் காட்டியது இங்கே உதவும்: வேலையை முடிக்க வேண்டும் என்றுகூட இல்லை, எப்போது எப்படி முடிப்போம் என்று திட்டமாகத் தீர்மானித்துவிட்டாலே அந்த இழுப்பு தணிகிறது.

'நாலு வேலை' கேள்வியில் சொன்ன ஒரு வரிதான் இங்கேயும், அதைக் கொஞ்சம் நீட்டிக்கொள்ளுங்கள். கடைசி ஐந்து நிமிஷம் நோட்டைத் திறந்து பாக்கி உள்ளதையெல்லாம் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கிழமையும் நேரமும் போடுங்கள். நேரம் போடாத பட்டியல் கூடவே வீட்டுக்கு வந்துவிடும்.

வேலை போரடிக்குது. ஆர்வம் இருந்தா கவனம் தானா வரும்ல?

தலைகீழாகவும் நடக்கிறது. கவனம் உள்ளே போன பிறகு ஆர்வம் வருவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஒரு கம்பெனியில் செக்கிங் மேஜையில் இருபது வருஷமாக நிற்கும் அக்கா ஒருவர். டியூப்லைட்டுக்குக் கீழே டி-ஷர்ட்டை விரித்து, கழுத்து ரிப், தோள், கை, கீழ் மடிப்பு என்று விரலால் தடவிக்கொண்டே போவார், திருப்புவார், குறை இருந்தால் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி இடது பக்கம் தள்ளுவார். மெதுவாகப் போனாலும் ஒரு பீஸுக்கு அரை நிமிஷம்தான், அதையே நாள் பூராவும். போரடிக்கலையா என்றேன். சிரித்தார். கட்டைப் பிரித்ததும் டிக்கெட்டைப் பார்க்காமல் தையலைத் தொட்டே இது எந்த டைலர் தைத்தது என்று தனக்குள் சொல்லிக்கொள்வாராம், அப்புறம்தான் டிக்கெட்டைத் திருப்பிப் பார்ப்பாராம். "பத்துக்கு எட்டு சரியா வந்துரும் கண்ணு. அந்த ரெண்டு தப்பினாத்தான் எனக்குத் தூக்கம் வராது."

மிஹாய் சிக்சென்ட்மிஹாயி என்ற உளவியலாளர் வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த நிலையை அந்த அக்கா இரண்டு வரியில் சொல்லிவிட்டார். தெளிவான இலக்கு, உடனே கிடைக்கும் பதில், கைத்திறமைக்குச் சற்று மேலே நிற்கும் சவால், மூன்றும் சேர்ந்தால் நேரம் போவது தெரியாமல் மனசு வேலைக்குள் இறங்கிவிடுகிறது. 1989-இல் அவரும் ஜூடித் லெஃபெவரும் வெளியிட்ட ஆய்வில் வேலை செய்பவர்களிடம் பேஜர் கொடுத்து நினைத்த நேரத்தில் ஒலிக்கவிட்டுப் பார்த்தார்கள். சவாலும் திறமையும் ஒருசேர உயர்ந்திருக்கும் தருணங்கள் ஓய்வு நேரத்தை விட வேலை நேரத்தில் மூன்று மடங்கு அளவுக்கு இருந்தன. ஆனாலும் வேலையில் இருக்கும்போது "வேற எங்கயாவது இருந்தா தேவலை" என்றுதான் பதில் எழுதியிருந்தார்கள். மனுஷன் விசித்திரமான பிராணி.

நாள் பூரா ஓடறேன். சாயங்காலம் பார்த்தா ஒண்ணும் முடியலையே?

முடிந்திருக்கும், நீங்கள் பார்ப்பதில்லை. தெரசா அமபிலேயும் ஸ்டீவன் கிரேமரும் 238 பேரிடம் கிட்டத்தட்ட 12,000 நாட்குறிப்புகள் வாங்கிப் படித்தார்கள். நல்ல நாள் என்று எழுதிய நாட்களில் அதிகம் காணப்பட்டது, அர்த்தமுள்ள வேலையில் ஒரு சின்ன நகர்வு. பாராட்டு, போனஸ் எல்லாம் அதற்குப் பின்னால்தான். அந்தக் கடைசி ஐந்து நிமிஷ நோட்டில் பாக்கிப் பட்டியலுக்கு மேலே, இன்று நகர்ந்தது என்ன என்று ஒரு வரி எழுதிவிட்டு அப்புறம் பாக்கிக்குப் போங்கள்.

இது வயித்துப் பிழைப்புங்க. இதுல போய் என்ன அர்த்தம் தேடறது?

வயிற்றுப் பிழைப்பே ஒரு அர்த்தம்தான், அதைக் குறைவாக நினைக்காதீர்கள். மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட ஓவர்டைம் பார்ப்பவரிடம் போய் "உங்கள் வேலையின் நோக்கம் என்ன" என்று கேட்க எனக்கு வாய் வராது.

ஏமி ரெஸ்நெஸ்கி குழு 1997-இல் கவனித்த ஒன்று மட்டும் சொல்கிறேன். ஒரே வேலையைச் சிலர் சம்பளமாகப் பார்க்கிறார்கள், சிலர் ஏணியாக, சிலர் தன்னை அழைத்த பணியாக. டாக்டரென்றால் பணி, குமாஸ்தாவென்றால் சம்பளம் என்று பிரியவில்லை. 24 அலுவலக உதவியாளர்களைத் தனியாகப் பார்த்தபோது அவர்களே ஏறக்குறைய மூன்று சம பங்காகப் பிரிந்தார்கள். பிறகு ஆஸ்பத்திரித் துப்புரவுப் பணியாளர்களிடம் பேசினார். நினைவிழந்து படுத்திருப்பவர்கள் வார்டில் ஒரு அம்மா சுவரில் மாட்டியிருந்த படங்களை அவ்வப்போது இடம் மாற்றி மாட்டினாராம், ஒருவேளை அவர்களுக்கு ஏதாவது உதவும் என்று. யாரும் செய்யச் சொல்லவில்லை.

நான் கணக்கு எழுதறவன். யாருக்கு என்ன பயன்னே தெரியலை.

இது மனசின் குறை இல்லை. வேலையின் மறுமுனை கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது, அவ்வளவுதான். ஆடம் கிராண்ட் 2007-இல் வெளியிட்ட சோதனையில் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போனில் நன்கொடை திரட்டும் ஆட்களை எடுத்துக்கொண்டார். அந்தப் பணத்தில் உதவித்தொகை பெற்ற ஒரு மாணவருடன் ஐந்தே நிமிஷம் பேசவைத்தார். ஒரு மாதம் கழித்து அவர்கள் போனில் செலவிட்ட நேரம் 142 சதவீதம், திரட்டிய பணம் 171 சதவீதம் கூடியிருந்தது. சொற்பொழிவு எதுவும் இல்லை, ஒரு முகம்தான்.

எனக்கு அந்த முகம் பேக்கிங்கில் இருந்த ஒரு அக்கா. பி.எஃப். பணம் எடுக்க மனு போட்டு நிராகரிக்கப்பட்டு வந்தார். ஆதாரில் ஒரு மாதிரி, நாங்கள் ஏற்றிய பெயரில் ஒரு எழுத்து வேறு மாதிரி. அந்த எழுத்தைத் தட்டியது நான்தான். ஒரு மதியம், டிபன் பாக்ஸ்கூடத் திறக்காமல் நூறு பெயரை ஓட்டித் தள்ளிய மதியம். வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் என்று அந்த அக்கா சொன்னபோது என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. திருத்தி, பணம் வந்து சேர இரண்டு மாதம் ஆனது. அதற்கப்புறம் பெயர்ப் பட்டியல் ஏற்றும்போது என் மனசு ஓடியதே இல்லை.

வேலையை நாமே கொஞ்சம் மாத்திக்கலாம்னு பேசினீங்க. எனக்கு என்ன அதிகாரம் இருக்கு?

பெரிய அதிகாரம் வேண்டாம். எந்த வரிசையில் செய்வது, புதிதாகச் சேர்ந்த பையனுக்கு எதைச் சொல்லிக் கொடுப்பது, யாரோடு சேர்ந்து சாப்பிடுவது, இதெல்லாம் உங்கள் கையில்தான். செக்கிங் அக்கா யாரிடம் அனுமதி கேட்டார்? டெசி, ரையன் என்ற உளவியலாளர்கள் இருவரும் மனுஷனுக்கு வேலையில் வேண்டியது மூன்று என்கிறார்கள்: என் இஷ்டம் கொஞ்சமாவது இருக்கிறது, எனக்கு இது கைவருகிறது, எனக்கு இங்கே ஆள் இருக்கிறது. மூன்றில் எது அதிகம் காய்ந்து கிடக்கிறதோ அதற்கு முதலில் தண்ணீர் விடுங்கள்.

சம்பளத்தைக் கூட்டிக் கேட்டா "வேலையில அர்த்தம் தேடு"ங்கறாங்க. இது ஒரு ஏமாத்து வேலைதானே?

அப்படிச் சொன்னால் ஏமாற்று வேலைதான். 2009-இல் பண்டர்சன், தாம்சன் இருவரும் மிருகக்காட்சி சாலைப் பராமரிப்பாளர்களை ஆராய்ந்தார்கள். இந்த வேலைக்காகவே பிறந்தோம் என்று நினைத்தவர்களுக்கு அதில் ஆழ்ந்த அர்த்தம் இருந்தது. அதே ஆட்கள்தான் குறைந்த சம்பளத்தையும் சிரமத்தையும் பொறுத்துக்கொண்டார்கள், நிர்வாகம் தங்களைச் சுரண்ட இடம் கொடுக்கும் நிலையிலும் இருந்தார்கள்.

எனக்கும் இதில் ஒரு வெட்கம் உண்டு. ஒரு கம்பெனிக்குப் பேசப் போனேன், பெயர் வேண்டாம். உற்சாகமாகப் பேசி முடித்து டீ குடிக்கும்போது ஒருவர் மெல்லக் காதில் சொன்னார், இரண்டு மாதமாக ஓவர்டைம் காசு வரவில்லை என்று. பஜ்ஜி தொண்டைக்குள் இறங்கவில்லை. இப்போது கூப்பிட்டால் முதலில் கூலி பாக்கி இருக்கிறதா என்று கேட்கிறேன். அதனால் சில இடங்களில் மறுபடி கூப்பிடுவதில்லை, போகட்டும். கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற உளவியலாளர், ஆட்கள் வேலையில் சோர்ந்து கருகிப் போவதற்குக் (பர்ன்-அவுட் என்கிறார்களே, அது) காரணமாக ஆறு இடங்களைக் காட்டுகிறார்: வேலைச் சுமை, கட்டுப்பாடு, கூலியும் மதிப்பும், கூட்டாளிகள், நியாயம், கொள்கை. கவனித்துப் பாருங்கள், ஆறும் நிர்வாகத்தின் பக்கத்திலும் இருக்கின்றன.

எதுலயும் பிடிப்பில்லை, எரிச்சலா வருது, தூக்கமும் இல்லை. நீங்க சொன்னதெல்லாம் செஞ்சா சரியாகுமா?

ஆகாது, இவை அதற்கான மருந்தும் இல்லை. வேலையால் வரும் கருகலை உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தன் வகைப்பாட்டில் பணி சார்ந்த நிலை என்று சேர்த்தது, நோய் என்று சொல்லவில்லை. ஆனால் வேலைக்கு வெளியிலும், ஞாயிற்றுக்கிழமையிலும், பிடித்த விஷயத்திலும் பிடிப்பு போய்விட்டது, அது இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கிறது என்றால் மனச்சோர்வாக இருக்கலாம், டாக்டரைப் பாருங்கள். சின்ன வயசிலிருந்தே எதிலும் கவனம் நிற்காதவர்களும் ஒருமுறை காட்டுவது நல்லது. யாரிடம் போவது என்று தெரியாவிட்டால் 14416, டெலி மானஸ், மத்திய அரசு 2022-இல் தொடங்கிய இலவச உதவி எண், தமிழிலேயே பேசலாம்.

இதெல்லாம் நீங்க செய்யறீங்களா?

பாதி. நோட்டு தினமும் உண்டு, டீ டம்ளர் உண்டு. போன் விஷயத்தில் இன்னும் தோற்றுக்கொண்டுதான் இருக்கிறேன். வீட்டில் கிரீச் என்று கத்தும் பீரோ இல்லை, அதனால் இந்தப் பக்கத்தை எழுத உட்காரும் முன் போனை அரிசி டிரம்முக்குள் போட்டு மூடினேன். மூன்று தடவை போய்த் திறந்தேன். மூன்றாவது தடவை சமையலறையில் நின்றிருந்த அம்மா, "அரிசி எவ்வளவு இருக்குன்னு பார்க்கிறியா?" என்று கேட்டார்.